மாசி முதல் கோடைமழை வரை: கொங்குப் பகுதியில் புதிதாகப் பண்ணையம் தொடங்குவோருக்கு

ஈரோடு, திருப்பூர், கரூர், கோவை மாவட்டங்களில் இரண்டு, மூன்று ஏக்கர் வாங்கிக் குடியேறுவோர் பெரும்பாலும் மார்கழியிலோ தையிலோதான் நிலத்தைப் பார்க்கிறார்கள். அப்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருக்கும். கிணற்றில் தண்ணீர் மேலே தெரியும். வரப்பெல்லாம் புல் இருக்கும். அந்தத் தோற்றத்தை நம்பித் திட்டமிடுவது ஆபத்து. பின்பனிக் காலமான மாசியும் பங்குனியும் நகர்ந்து இளவேனில் நெருங்க நெருங்க, கிணறு நாள்தோறும் இறங்கும், காற்று உலரும், தீவனம் குறையும். சித்திரையில் நல்ல கோடைமழை விழும்வரை தோட்டத்தில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும், இருக்கும் தண்ணீரை எதற்குக் கொடுப்பது, எதற்கு மறுப்பது என்பதையே சுற்றி நிற்கும். ஆகவே இந்த வழிகாட்டியும் கிணற்றிலிருந்தே தொடங்குகிறது. இதில் சொல்லப்படுபவை கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ நம்பியிருக்கும் தோட்டங்களுக்குப் பொருந்தும். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நிலம் உள்ளவர்கள், தங்கள் மடைக்கு இந்த ஆண்டு தை முதல் சித்திரை வரையிலான புஞ்சைத் தண்ணீர் உண்டா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். அங்குள்ள 2,07,000 ஏக்கர் பாசனப் பரப்பு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், இந்தத் தண்ணீர் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

முதல் வேலை: கிணற்றை அளத்தல்

மாசி முதல் வாரத்தில், மோட்டார் போடுவதற்கு முன் விடியற்காலையில், அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது, அதற்குக் கீழே எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு வழக்கமான நேரம் மோட்டாரை ஓட்டிவிட்டு, எத்தனை அடி இறங்கியது, மறுநாள் விடியலுக்குள் அதில் எவ்வளவு ஊறியது என்பதையும் பாருங்கள். இந்த ஊற்றின் அளவுதான் உங்கள் உண்மையான வருமானம். நிற்கும் தண்ணீர் கையிருப்பு மட்டுமே. வாரம் ஒருமுறை அதே நாளில் அதே நேரத்தில் அளந்து, சமையலறை நாட்காட்டியிலேயே எழுதி வந்தால், பங்குனி நடுவில் கிணறு எப்படி இருக்கும் என்பதை மாசி முடிவதற்குள் ஓரளவு கணித்துவிடலாம். ஊற்று கோடையில் இன்னும் சுருங்கும் என்பதால், கணக்கில் கிடைக்கும் அளவில் கால்பங்கைக் கழித்துக்கொள்வது நல்லது.

அடியை லிட்டராக மாற்றுவது எளிது. 30 அடிக்கு 30 அடி சதுரக் கிணற்றில் ஓர் அடி உயரத் தண்ணீர் ஏறத்தாழ 25,000 லிட்டர். ஆழ்துளைக் கிணறாக இருந்தால் 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்கடியில் வைத்து, அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது, எத்தனை மணி நேரத்திற்குப் பின் தண்ணீர் விட்டுவிட்டு வரத் தொடங்குகிறது என்ற இரண்டையும் குறிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் டிரம் நிரம்பினால் மணிக்கு 12,000 லிட்டர். தண்ணீர் விட்டுவிட்டு வரும்போதும் மோட்டாரை ஓடவிட்டால் அதன் கம்பிச்சுருள் (காயில்) எரியும்; நீர் வற்றியதும் தானே நிறுத்தும் கருவியை மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் பொருத்திக்கொள்வதற்கு ஆகும் செலவு, மோட்டாரை ஏற்றி இறக்கிச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

இனிச் செலவுக் கணக்கு. 25 அடி இடைவெளியில் நட்ட தென்னை ஏக்கருக்குச் சுமார் 70 மரம். சொட்டுநீரில் கோடை மாதங்களில் மரம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் என்று வைத்தால், ஏக்கருக்கு 4,550 லிட்டர். அதே ஓர் ஏக்கரில் தீவனப்பயிர் வைத்து, வாய்க்காலில் விட்டு இரண்டு அங்குலம் தண்ணீர் பாய்ச்சினால் ஒரு பாய்ச்சலுக்கு இரண்டு லட்சம் லிட்டர் போகும். பத்து நாளுக்கு ஒருமுறை என்றாலும் நாள்கணக்கில் 20,000 லிட்டர். மேலே சொன்ன கிணற்றில் ஒரே பாய்ச்சலுக்கு எட்டடி இறங்கிவிடும். புதியவர்கள் பலர் தென்னைதான் தண்ணீரைக் குடிக்கிறது என்று எண்ணுகிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் அப்படி எண்ணமாட்டார்கள். மாடுகள் குடிப்பதும் வீட்டுச் செலவும் இவற்றுக்கு முன் சிறு தொகை, ஆனால் அவற்றில் கைவைக்க முடியாது. எனவே வரிசை இப்படி அமையட்டும்: வீடும் கால்நடையும் முதலில், பல ஆண்டு உழைப்பான மரங்கள் அடுத்து, கால் ஏக்கர் அளவிலான தீவனம் மூன்றாவது, இவற்றுக்குப் போக மிஞ்சினால் மட்டுமே மாசிப்பட்டப் பயிர், அதாவது மாசியில் விதைக்கும் பயிர். மாசியில் கொங்கு ஊர்களில் எதிர்ப்படுகிறவர்கள் நலம் விசாரிப்பதோடு சேர்த்து, "ஏனுங்க, தண்ணி சித்திரை வரைக்கும் நிக்குமுங்களா?" என்றும் கேட்பார்கள். அதற்கு எண்ணோடு பதில் சொல்ல முடிந்தால் பாதிக் கோடையைக் கடந்த மாதிரிதான்.

ஈரத்தை நிலத்திலேயே நிறுத்துதல்

தண்ணீர் பாய்ச்சுவதைக் காட்டிலும் மலிவானது, பாய்ச்சிய தண்ணீரை ஆவியாகாமல் காப்பது. மாசிக்குள், மண் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, ஒவ்வொரு தென்னைக்கும் அடிமரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, ஒருமுறை நன்றாக நனைத்து, அதன்மேல் மூடாக்கு இட வேண்டும். காய்ந்த ஓலை என்றால் மரத்துக்குப் பதினைந்து மட்டை. தேங்காய் உரிமட்டை என்றால் நூறு, அதன் குழிந்த பக்கம் தரையைப் பார்த்து இருக்குமாறு அடுக்க வேண்டும். நார்க்கழிவு என்றால் நான்கு அங்குல உயரம். காய்ந்து வெடித்த மண்ணின்மேல் போடும் மூடாக்கினால் பெரிய பயனில்லை. அடிமரத்தை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் கரையான் ஏறுவதைக் கண்காணிக்கலாம். ஓலையைக் கொளுத்திவிட்டு நார்க்கழிவை விலை கொடுத்து வாங்கும் தோட்டங்களும் உண்டு. அதற்கு என்ன காரணம் என்று இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை.

சொட்டுநீர்க் குழாய்கள் இருந்தால் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, பக்கக் குழாய்களின் முனைமூடிகளைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். பிறகு தோட்டம் முழுவதும் ஒருமுறை நடந்து, அடைத்துக்கொண்ட சொட்டுவான்களைக் கண்டறியுங்கள். உப்பு நீரில் இந்த அடைப்பு அடிக்கடி வரும். கோடையில் அணிலும் எலியும் தாகத்துக்குக் குழாயைக் கடிப்பதால், மரநிழலில் ஆங்காங்கே மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் சேதம் ஓரளவு குறையும். சொட்டுநீர் இன்னும் போடாதவர்கள், சிறு குறு விவசாயி என்ற சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அந்தப் பிரிவினருக்கு முழு மானியமும், மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் வழங்கப்படுகிறது. விண்ணப்பம், அளவீடு, ஒப்புதல் எல்லாம் முடிய மாதங்கள் ஆகலாம் என்பதால் இந்தக் கோடைக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

மாடும் தீவனமும்

மாடு வாங்கும் ஆசை எல்லோருக்கும் குடியேறிய முதல் மாதத்திலேயே வரும். தீவனம் கையில் இல்லாமல் மாசியில் மாடு வாங்குவது கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே மாடு இருந்தால் உலர்தீவனத்தை உடனே கணக்கிடுங்கள்: வளர்ந்த மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ சோளத்தட்டோ வைக்கோலோ வேண்டும், மாசி முதல் வைகாசி முடிய நான்கு மாதத்துக்கு ஒரு மாட்டுக்கு 700 கிலோவுக்குக் குறையாமல் போரில் இருக்க வேண்டும். காவிரிப் படுகையில் சம்பா அறுவடை முடியும் தை, மாசியில் வைக்கோல் கட்டுகள் மலிவாக வரும்; பங்குனி கடந்தால் அதே கட்டின் விலையைக் கேட்க மனம் வராது. போரைக் கல்லோ கட்டையோ பரப்பிய மேடையில், சாளை எனப்படும் தோட்டத்து வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் தள்ளிப் போட வேண்டும்.

பசுந்தீவனத்துக்குக் கம்பு நேப்பியர் என்னும் தீவனப்புல்லின் கரணைகளை மாசியில் நட்டால் முதல் அறுப்புக்கு 75 முதல் 80 நாள் ஆகும், அதாவது சித்திரைக் கடைசி. அதன்பின் 45 நாளுக்கு ஓர் அறுப்பு. எருவிட்டுப் பராமரித்த 25 சென்ட் இரண்டு, மூன்று மாடுகளுக்குப் போதும். நடுவில் உள்ள இரண்டரை மாதத்துக்கு அகத்தியும் வேலிமசாலும் கைகொடுக்கும். தீவனச்சோளம் விதைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பூக்கும் பருவத்துக்கு முன்னுள்ள இளஞ்சோளத்திலும், தண்ணீரில்லாமல் வாடி நிற்கும் சோளத்திலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் ஹைட்ரோசயனிக் அமிலத்தை உண்டாக்கும் பொருள் மிகுந்திருக்கும். அவிழ்த்துவிட்ட மாடு அதில் சிறிது நேரம் மேய்ந்தாலே மூச்சுத் திணறி, நுரை தள்ளி, கீழே விழுந்து துடிக்கும். நிமிடங்களில் இறந்தும் போகும். மருத்துவர் ஊசி மூலம் கொடுக்கும் மாற்றுமருந்து உண்டு என்றாலும், அவர் வந்து சேரும்வரை மாடு தாங்குவது அரிது. ஆகவே பாதிக்கு மேல் பூத்தபின் அறுத்து, சற்று உலர்த்திப் போடுவதே முறை. பக்கத்துக் காட்டில் சோளம் நின்றால் உங்கள் மாட்டின் கயிற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காங்கயம், தாராபுரம் பக்கம் மானாவாரி நிலம் வாங்கியவர்களுக்குக் கொறங்காடு இருக்கக்கூடும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிற்கும் அந்த மேய்ச்சல் நிலத்தைப் பாழ்நிலம் என்று நினைத்து உழுதுவிடாதீர்கள். புல் காய்ந்து நின்றாலும் கட்டைக்குள் உயிர் இருக்கும். ஒரு கோடைமழைக்குத் தழைத்துவிடும். மரத்திலிருந்து உதிரும் காய் ஆடுகளுக்கு நல்ல தீனி. மாசி, பங்குனியில் செய்ய வேண்டியது மேய்ச்சலைக் குறைத்துப் புல்லின் கட்டையைக் காப்பதும், வேலியில் விழுந்த இடைவெளிகளைப் பார்த்து வைப்பதுமே. கிளுவைப் போத்துகளை, அதாவது கிளைத்துண்டுகளை, வெட்டி அந்த இடைவெளிகளில் ஊன்றி, மழை வரும்போது வேர்விட ஏதுவாக்கலாம்.

கட்டுத்தரையின் தகரக் கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்புவது பகல் வெப்பத்தைக் கண்கூடாகக் குறைக்கும். தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கட்டும். உலர்தீவனத்தை மாலையிலும் இரவிலும், பசுந்தீவனத்தை விடியலிலும் போடுங்கள். உச்சிவெயிலில் மாடு அசைபோடவே தயங்கும். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியது. கால்நடை மருந்தகத்தில் அடுத்த முகாம் எப்போது என்று கேட்டு வையுங்கள். கோழிகளுக்குப் பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி முகாம்கள் ஊர்தோறும் இலவசமாக நடத்தப்படுவது வழக்கம். எட்டு வாரம் கடந்த கோழிகள் அனைத்துக்கும் போடுவதோடு, ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்தும் கொடுத்துவிட வேண்டும். வெள்ளைக்கழிச்சல் வந்தபின் செய்ய ஏதுமில்லை. ஒரே வாரத்தில் கோழிக்கூடே காலியாகும்.

மாடு வாங்கத்தான் வேண்டும் என்றால் சித்திரையில் வெள்ளகோவிலுக்கும் காங்கயத்துக்கும் அருகே கண்ணபுரம் மாரியம்மன் கோவில் தேர்த்திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச்சந்தை வரை பொறுத்திருக்கலாம். காங்கயம் இன மாடுகளை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அது. தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது, உடன் அனுபவமுள்ள ஒருவர் இருப்பது நல்லது.

விதைப்பு: சிறிய அளவில், தெரிந்ததை மட்டும்

தண்ணீர்க் கணக்கில் மிச்சம் இருந்தால் மாசிப்பட்டத்துக்கு எள் பொருத்தமான பயிர். ஏக்கருக்கு இரண்டு கிலோ விதையை, நான்கு பங்கு உலர்ந்த மணலோடு கலந்து சீராகத் தூவ வேண்டும். மணல் கலக்காவிட்டால் விதை ஒரே இடத்தில் கொட்டிவிடும். பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் நெருக்கமான செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிட்டு, கடைசியில் செடிக்குச் செடி ஓரடி இருக்குமாறு நிறுத்துங்கள். விதைக்கும்போது ஒரு தண்ணீர், ஏழாம் நாள் உயிர்த்தண்ணீர், பூக்கும்போதும் காய்பிடிக்கும்போதும் தண்ணீர். அதற்குமேல் தாராளம் காட்டினால் வேரழுகல் வரும். 80 முதல் 90 நாளில், அடியிலைகள் பழுத்து உதிர்ந்து, கீழ்க்காய்கள் மஞ்சளாகும்போது, அவை வெடிப்பதற்கு முன் அறுத்துவிட வேண்டும். அறுத்த எள்ளின்மேல் கோடைமழை பெய்தால் மணி கறுத்து விலைபோகாது. தார்ப்பாயைக் கைவசம் வைத்துக்கொண்டே அறுப்புக்கு இறங்குங்கள். இன்னும் குறுகிய பயிர் வேண்டுமென்றால் உளுந்து 65 முதல் 70 நாளில் வரும். ஏக்கருக்கு எட்டுக் கிலோ விதை போதும்.

வீட்டுத் தேவைக்கு ஐந்து சென்ட் போதுமானது. வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, சுரை, பீர்க்கு, பாகல், தண்டுக்கீரை ஆகியவை வெயிலைத் தாங்கும். தக்காளியை மட்டும் இந்தக் கோடைக்கு விட்டுவிடலாம். வெப்பம் கூடும்போது பூ உதிர்ந்து செடி வெறுமனே நிற்கும். மயில்கள் முளையைக் கிளறித் தின்னும் பகுதிகளில் முதல் பத்து நாளுக்குப் பழைய மீன்வலையையோ புடவையையோ பாத்தியின்மேல் கட்டுங்கள். மயிலைத் துன்புறுத்துவது வனவுயிர்ச் சட்டப்படி கடுங்குற்றம் என்பதால் மறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மரங்கள்

மாமரத்தில் பூ நிற்கும்போது தண்ணீர் விடாதீர்கள்; பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்தபின் தொடங்கி, காய் முற்றும்வரை கொடுங்கள். முருங்கை பங்குனி, சித்திரையில் உச்சத்தில் காய்க்கும். அப்போது எல்லோரிடமும் காய் இருக்கும் என்பதால் விலை சரியும். நாலைந்து மரம் வைத்திருப்பவர்கள் உழவர் சந்தைக்குக் கொண்டுபோனால் இடைத்தரகு மிஞ்சும். புளி உலுக்குவது மாசி, பங்குனி வேலை. ஓடு நன்றாகக் காய்ந்த வெயில்நாளில் உலுக்கி, அன்றே ஓடு நீக்கினால் பழம் கையில் ஒட்டாது.

தென்னையில் கவனிக்க வேண்டியது சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்த ஈ, வறண்ட மாதங்களில்தான் பெருகுகிறது. ஓலையின் அடியில் வெண்மையான சுருள்வட்டங்களும், கீழ் ஓலைகளின் மேல்பரப்பில் கரிபிடித்தாற்போன்ற கறுப்புப் பூஞ்சணமும் இருந்தால் அதுதான். இதற்குப் பூச்சிக்கொல்லி அடித்தால், ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவிகளே முதலில் அழியும். ஓலையின் அடியில் விசையாகத் தண்ணீர் பீய்ச்சுவது, ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளைக் கட்டுவது, கறுப்புப் பூஞ்சணம் உதிர லிட்டருக்கு 25 கிராம் வீதம் மைதா மாவுப் பசையைத் தெளிப்பது ஆகியவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகள். மரம் இதனால் உடனே செத்துவிடாது. பதற்றத்தில் மருந்துக்கடைக்கு ஓடாமல் இருப்பதே பாதி வைத்தியம்.

நெருப்பு, பாம்பு, ஆள்

பங்குனிக்குள் சாளை, தட்டுப்போர், கட்டுத்தரை ஆகியவற்றைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெற்றுமண்ணாக்குங்கள். சாலையோரத் தோட்டங்களில் வேலிப்பக்கமும் இதைச் செய்ய வேண்டும். பாம்புகள் குளிர்ச்சி தேடித் தண்ணீர்த் தொட்டி, மூடாக்கு, விறகடுக்கு பக்கம் வரும். மட்டையைக் கையால் புரட்டாமல் கம்பால் புரட்டுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தைப் போக்காமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்த மருத்துவமனை அருகில் என்பதை இப்போதே தெரிந்து வைப்பது நல்லது.

ஆள் கிடைப்பது இன்னொரு சிக்கல். பங்குனி, சித்திரையில் ஒவ்வோர் ஊராக மாரியம்மன் கோவிலில் பூச்சாட்டி, கம்பம் நட்டு, திருவிழா தொடங்கிவிடும். அந்த நாட்களில் மரமேறுபவரும் வரமாட்டார், களையெடுப்பவர்களும் வரமாட்டார்கள். சுற்றுவட்டார ஊர்களின் சாட்டு நாட்களைக் கேட்டுக்கொண்டு, தேங்காய் வெட்டையும் எள் களையெடுப்பையும் அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள். கோவில் வரி கேட்டு வந்தால் மனமுவந்து கொடுத்து, அழைத்தால் போய்வருவதே முறை. தோட்ட வேலை இந்த மாதங்களில் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடியும். ஆட்களுக்கு மோரோ கம்பங்கூழோ கொடுப்பது வழக்கம்.

வெறும் நிலத்தில் செய்ய வேண்டியவை

பயிரில்லாத நிலம் இருப்பதும் ஒரு வசதிதான். மண் பரிசோதனைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. வரப்பு, மரநிழல், குப்பைமேடு ஆகியவற்றைத் தவிர்த்து, குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் ஆறு அங்குல ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சும் அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். பாசன நீரையும் ஒரு புட்டியில் சேர்த்துக் கொடுத்தால் உப்பின் அளவு தெரியும்.

குளங்கள் வற்றும் காலம் என்பதால், வட்டாட்சியர் அலுவலக அனுமதியோடு வண்டல் மண் எடுத்து மேட்டாங்காட்டில் கொட்டலாம். செம்மறிக்காரர்கள் பட்டி போட இடம் தேடி வருவார்கள். சில இரவுகள் ஆடுகளை உங்கள் காட்டில் அடைத்தால் வண்டிக்கணக்கான எருவுக்குச் சமம். கூலி ஊருக்கு ஊர் மாறும் என்பதால், எத்தனை ஆடு, எத்தனை இரவு, குடிதண்ணீர் யார் கொடுப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள். பட்டி முடிந்த இடத்தை வெயிலில் காயவிடாமல் உடனே மேலாக ஒருமுறை உழுதுவிட வேண்டும்.

சித்திரையில் உழவு ஈரத்துக்கு மழை பெய்ததும், இரண்டு நாள் விட்டு, மண் காலில் ஒட்டாத பதத்தில், சரிவுக்குக் குறுக்காக உழுங்கள். சரிவோடு உழுதால் அடுத்த மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். உழுத ஈரத்திலேயே சணப்பையையோ தக்கைப்பூண்டையோ விதைத்து, 45 நாளில் பூ எடுக்கும் தறுவாயில் மடக்கி உழுதால், மட்குவதற்கு இரண்டு, மூன்று வாரம் போக, ஆடிப்பட்டத்துக்கு நிலம் தயாராகிவிடும். மழை தாமதமாகி வைகாசி நடுவுக்குப் போய்விட்டால், பசுந்தாளுரத்தை முப்பது, முப்பத்தைந்து நாளிலேயே மடக்கிவிடுங்கள்; தழை குறைந்தாலும் பட்டம் தவறாது.